எல்லைக் கல்லும் சாட்சி சொல்லும்: பாலாற்றுப் பள்ளத்தாக்கின் நிலப்பட வரலாறு

2019ஆம் ஆண்டில், காஞ்சிபுரத்தை அடுத்த பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் ஜமாஅத்தார் தங்கள் கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப முடிவு செய்தார்கள். ஆடு மாடுகள் உள்ளே நுழைகின்றன. ஓரத்து நிலம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. எனவே சுவர் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வெளிநாட்டில் உழைக்கும் இளைஞர்கள் பணம் அனுப்பினார்கள். செங்கல்லும் மணலும் வந்து இறங்கின. அந்நிலையில் முத்தவல்லி அவர்கள், கல்லூரியில் வரலாறு படித்தவன் என்ற ஒரே காரணத்தால் இந்த எளியேனை அழைத்து, தாலுகா அலுவலகத்தில் பெற்ற கிராம நிலப்படத்தின் நகலைக் கையில் கொடுத்தார்கள். "ஹஜ்ரத், நம்ம எல்லை எதுவரைக்கும்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள்.

எல்லை தெளிவாகவே இருந்தது. ஆனால் எவரும் எதிர்பாராத ஒன்றும் அப்படத்தில் இருந்தது. கபரஸ்தானின் தென்மூலையை ஊடறுத்து இரட்டைக் கோடு ஒன்று சென்றது. மேற்கே உள்ள ஏரியின் கலங்கலிலிருந்து கிழக்கே உள்ள தாங்கலுக்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாய் அது. களத்திலோ கால்வாயின் சுவடே இல்லை. சீமைக் கருவேலமும் மண்மேடுமே காணப்பட்டன. அம்மூலையில் கபர்கள் எவையும் இல்லை என்பது மட்டுமே ஆறுதல். உடன் வந்த முதியவர் ஒருவர், "எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா இதுல தண்ணி ஓடி நான் பார்த்ததில்லீங்க ஹஜ்ரத்" என்றார்.

சுவர் நேராகச் செல்வதா, படத்திலுள்ள கோட்டுக்கு வழிவிட்டு வளைவதா? கண்ணால் கண்ட மனிதரின் சொல்லை ஏற்பதா, காகிதத்திலுள்ள கோட்டை ஏற்பதா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அந்தக் கோடுகளை யார், எப்பொழுது, எதற்காக வரைந்தார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

பிறை பிறையாக ஏரிகள்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, வாலாஜாபாத் வழியாக வந்து, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. காஞ்சியை ஒட்டி ஓடும் வேகவதியும், செய்யாறும் திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடுகின்றன.

ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆறு மணலாகவே கிடக்கும். ஆதலால் நம் முன்னோர் ஆற்றை மட்டும் நம்பி வாழவில்லை, ஏரிகளைக் கட்டினார்கள். இப்பகுதியின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. அச்சரிவின் குறுக்கே வளைந்த மண்கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கினார்கள். மேல் ஏரி நிறைந்தால் மிகுநீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். அது நிறைந்தால் அடுத்த ஏரிக்கு. நிலப்படத்தை விரித்துப் பார்த்தால், பள்ளத்தாக்கு முழுவதும் பிறை பிறையாக ஏரிக்கரைகள் தெரியும். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று அழைத்தது வெறும் புகழுரை அன்று.

உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், ஊராட்சியில் ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்ததைக் கூறுகின்றன. 1858இல் வாலாஜாப்பேட்டை அருகே பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுந்து, காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி முதலிய ஏரிகளுக்கு நீர் திருப்பப்பட்டது. பட்டு நூலைச் சாயமேற்றும் தொழிலுக்கும் நீரே ஆதாரம். ஆக, நெல்லானாலும் நெசவானாலும் காஞ்சி வட்டாரத்தின் வாழ்வு இந்த ஏரிச் சங்கிலியைச் சார்ந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே உள்ள அத்தனை ஊர்களும் தவிக்கும்.

நவாபின் ஜாகீரும் பார்னார்டின் அளவையும்

1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, தமக்குப் படை உதவி செய்துவந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, சென்னையைச் சூழ்ந்திருந்த இப்பகுதியை ஜாகீராக அளித்தார். வாலாஜாபாத், வாலாஜாப்பேட்டை என்னும் ஊர்ப் பெயர்களில் இன்றும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. தனக்குக் கிடைத்த நிலத்தில் என்ன உள்ளது, எவ்வளவு வருவாய் வரும் என்று அறியக் கம்பெனி விரும்பியது. 1767இல் தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் அளவையைத் தொடங்கினார். 1774 வரை அப்பணி நீடித்தது. அதே 1767இல்தான் வங்காளத்தில் ஜேம்ஸ் ரென்னல் தலைமை நில அளவையாளராக அமர்த்தப்பட்டார். இந்திய நில அளவைத் துறை அந்த ஆண்டையே தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது. ஆகவே நம் பாலாற்றங்கரை, இந்நாட்டில் முதன்முதல் ஊர் ஊராக விரிவாக அளக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகும்.

ஏறத்தாழ 2,000 ஊர்கள் அவ்வளவையில் பதிவாயின. ஊரில் எத்தனை வீடுகள், யார் யார் வாழ்கிறார்கள், பயிரிடும் நிலம் எவ்வளவு, தரிசு எவ்வளவு, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, யாருக்கு என்ன மானியம் என்பன எல்லாம் குறிக்கப்பட்டன. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய விரிவான விவரங்களுள் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இவற்றின் அருமையை இருபதாம் நூற்றாண்டில் உலகறியச் செய்தார்.

பார்னார்டின் காலத்து அளவையாளர் கையாண்டவை சங்கிலி, திசைகாட்டி, தூரத்தை எண்ணும் சக்கரம் போன்ற எளிய கருவிகளே. நோக்கமோ வரி வசூல். எனினும், வரிக்காக எழுதிய அக்கணக்கே இன்று, எந்த ஊரில் எத்தனை ஏரி இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. அளப்பவரின் எண்ணம் எதுவாயினும், ஒழுங்காக அளந்த அளவு உண்மையின் பக்கமே நிற்கும்.

போருக்கு முந்திய முகம்

அவ்வளவைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது முடிந்து ஆறு ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கின் முகமே மாறிவிட்டது. 1780இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகச் சமவெளியில் இறங்கின. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிக்கு அருகிலுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்பு சுல்தானும் முறியடித்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அப்போர் ஓவியமாக இருப்பதை நம்மில் பலர் கண்டு பெருமிதம் கொண்டிருப்போம்.

பெருமிதம் கொள்வதில் தவறில்லை. ஆனால் அதே நாவால் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். 1784இல் மங்களூர் உடன்படிக்கை ஏற்படும்வரை நீடித்த அப்போரில், இவ்வட்டாரத்து ஊர்கள் எரிந்தன, குடிகள் சிதறினார்கள், ஏரிகள் பராமரிப்பின்றிப் பாழ்பட்டன. எதிரிக்கு உணவு கிட்டாதிருக்க நாட்டைப் பாழாக்குவது ஹைதரின் போர்முறையில் ஒன்றாக இருந்தது. குளத்தங்கரையில் நின்ற எளிய உழவனுக்கு, வென்றது யார் என்பதைவிடத் தன் ஏரி உடைந்ததே பெரிது. 1794இல் ஆட்சியராக வந்த லயோனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரி முதலியவற்றைச் செப்பனிட வேண்டியதாயிற்று. போருக்கு முன் இந்நிலம் எவ்வாறு செழித்திருந்தது என்பதற்குப் பார்னார்டின் அளவையே தலைசிறந்த சாட்சி.

ஆற்காட்டுக் கைவினைஞர்

1794 மே மாதம் சென்னையில் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் எட்டு மாணவர்களுடன் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வித்து அதுவே. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து இந்தியா முழுவதும் முக்கோணங்களாக அளக்கும் மாபெரும் பணி புறப்பட்டது.

அதன் தத்துவம் எளிது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களைக் கணக்கால் அறியலாம். அப்பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம். அதன் மேல் அடுத்தது. ஒவ்வோர் ஊரையும் காலால் நடந்து அளக்க வேண்டியதில்லை. மலையுச்சியிலும் கோபுரத்திலும் நின்று கோணம் அளந்தால் போதும். ஆனால் கோணம் அளக்கும் தியோடலைட் கருவி இம்மியும் பிசகக் கூடாது. இங்கே ஒரு மயிரிழை தவறினால் இமயத்தருகே பெருந்தொலைவு தவறிவிடும்.

அக்கருவிகளைச் செம்மையாக்கியவருள் ஒருவர் நம் பாலாற்றங்கரை ஆற்காட்டைச் சேர்ந்த சையிது மீர் முஹ்சின் ஹுஸைன் என்பதை எத்தனை பேர் அறிவோம்? தலைமை நில அளவையாளர் வேலண்டைன் பிளாக்கர் அவரது கைத்திறனைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், உலகின் உயர்ந்த சிகரத்திற்குப் பெயர் தந்த அதே எவரெஸ்ட், அவரையே பெரிதும் நம்பினார். இங்கிலாந்திலிருந்து வந்த ஹென்றி பாரோ வகித்த கருவியாக்குநர் பதவி, 1843இல் முஹ்சின் ஹுஸைன் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. இந்தியர் ஒருவருக்கு அத்தகைய பதவி அக்காலத்தில் எளிதில் கிட்டுவதன்று.

இது புதுமையும் அன்று. தொழுகைக்குக் கிப்லாவை நோக்க வேண்டிய சமுதாயம், தான் நிற்கும் இடத்தைத் துல்லியமாக அறிய முனைந்தது இயல்பே. கலீஃபா மஃமூன் காலத்து அறிஞர்கள் ஸின்ஜார் சமவெளியில் பூமியின் ஒரு பாகையை அளந்தார்கள். பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பீரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு குன்றின் உயரத்தையும் அடிவானத்தின் தாழ்வையும் அளந்து பூமியின் ஆரத்தைக் கணித்தார். 1154இல் அல்இத்ரீஸி ஸிஸிலி மன்னருக்காக உலகப் படம் வரைந்து முடித்தார். இவர்களின் வழித்தோன்றல் என்று ஆற்காட்டு முஹ்சினைச் சொன்னால் மிகையாகாது.

நம் நாவில் உலவும் சொற்கள்

பார்னார்டும் லாம்டனும் இட்ட அடித்தளத்தின்மேல், 1858இல் சென்னை மாகாணத்திற்கென நில அளவைத் துறை அமைந்தது. ஊரெங்கும் எல்லைக் கற்கள் நடப்பட்டன. ஒவ்வொரு புலத்திற்கும் ஒரு தாளில் புலப்படம். அவை அனைத்தையும் இணைத்துக் கிராம நிலப்படம். அதற்கும் மேலாக இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்றப் படங்கள். இவற்றில் என்றும் நீருள்ள இடம் நீலமாகவும், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை கறுப்பாகவும், மேடுபள்ளம் காட்டும் சம உயரக்கோடுகள் பழுப்பாகவும் இருக்கும். மரங்கள் பச்சை, சாலைகளும் குடியிருப்புகளும் சிவப்பு. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு.

இத்துறையின் சொற்களைச் சற்று உற்று நோக்குங்கள். தாலுகா, ஜில்லா, பிர்க்கா, கஸ்பா, வசூல், மகசூல், நகல் ஆகியவை அரபி மூலம் கொண்டவை. பழைய நில அளவையைக் குறிக்கும் பைமாஷ் என்பது பாரசீகச் சொல். ஏரியைக் குடிகள் ஒன்றுகூடிச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்று பெயர். அதில் குடி தமிழ், மராமத்து அரபி. ஒரே ஏரியில் ஒரே மண்ணைச் சுமந்த மக்கள் இரு மொழிகளையும் ஒரே சொல்லில் பிணைத்துவிட்டார்கள்.

தண்ணீர் மறப்பதில்லை

மனிதர் மறந்த வழியைத் தண்ணீர் மறப்பதில்லை. 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியில் புகுந்து பல உயிர்களைக் கொண்டுசென்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், ஏரிப் பரப்பிலும் ஓடைகளிலும் எழுந்திருந்த குடியிருப்புகள் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மூழ்கின. புதிய வீட்டுமனைகளுக்கு எழில்மிகு பெயர் சூட்டியிருந்தார்கள். பழைய நிலப்படத்திலோ அவற்றுள் பல ஏரி என்றும் தாங்கல் என்றும் இருந்தன. பாலாறு முற்காலத்தில் காவேரிப்பாக்கம் பகுதியிலிருந்து வடகிழக்காகச் சென்னைப் பக்கம் ஓடியதற்கான தடங்களைக்கூடச் செயற்கைக்கோள் படங்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆறே இடம் பெயர்ந்தாலும் அதன் அடிச்சுவடு மண்ணில் அழியவில்லை.

நமக்கு எதிராகவும் சாட்சி

இப்பொழுது கபரஸ்தான் சுவருக்குத் திரும்புவோம். இஷாத் தொழுகைக்குப் பின் ஜமாஅத் கூடியது. நான் கண்டதைக் கூறினேன். இளைஞர் ஒருவர் எழுந்து, "மேல நாலு பேர் காலை மூடி வீடே கட்டிட்டாங்க. நம்ம மட்டும் ஏன் விட்டுக்கொடுக்கணும்?" என்று கேட்டார். நியாயமான ஆதங்கமே.

இமாம் அவர்கள் பொறுமையாக ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்கள். மதீனாவில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் ஒரு வாய்க்கால் நீர் குறித்து வழக்கு வந்தது. மேட்டு நிலத்தார் தம் தேவைக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின் அண்டை நிலத்திற்கு நீரை விட்டுவிட வேண்டும் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவைப் பறித்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் உள்ளது. நிலத்தின் எல்லை அடையாளத்தை மாற்றுகிறவன் இறைசாபத்திற்கு உரியவன் என்ற கருத்து, அலீ (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் நூலில் வந்துள்ளது. நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் சரி என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கற்பிக்கும் பாடம்.

நமக்குச் சாதகமான எல்லையைக் காட்டியபோது அப்படத்தை ஏற்றுக்கொண்டோம். அதே படம் கால்வாயையும் காட்டுகிறது. பாதியை ஏற்றுப் பாதியை மறுக்க முடியுமா? முத்தவல்லி அவர்கள் இறுதியாகச் சொன்னார்கள்: "அவங்க கணக்கை அவங்க சொல்வாங்க. நம்ம கணக்கை நம்மதான் சொல்லணும்."

சுவர் தென்மூலையில் உள்வாங்கி வளைந்தது. ஏறத்தாழ மூன்று சென்ட் நிலம் சுவருக்கு வெளியே நின்றது. செலவும் கூடிற்று. கருவேலத்தை வெட்டிக் கால்வாயைத் தோண்டவும் இளைஞர்களே முன்வந்தார்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் நெடுநாள் காணாத வெள்ளம் வந்தது. அவ்வூர் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தது. மேலே காலை மூடிக் கட்டிய வீடுகளில் முழங்காலளவு நீர் நின்றது. அதில் வாடகைக்கு இருந்த ஏழைகளே துன்புற்றார்கள். அங்கிருந்து திமிறி வந்த நீர், கபரஸ்தானின் தென்மூலைக்கு வந்ததும் தன் பழைய வழியைக் கண்டு அமைதியாகத் தாங்கலை நோக்கிச் சென்றது. கபர்களில் ஒரு பிடி மண்ணும் கரையவில்லை. தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்று கூறிய முதியவர் குடையுடன் வந்து நெடுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நாம் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளிவாசல், கபரஸ்தான், வக்ஃபு நிலம் ஆகியவற்றின் புல எண், புலப்படம், கிராம நிலப்படம் ஆகியவற்றின் நகல்களை முறைப்படி பெற்று, வக்ஃபுப் பதிவு ஆவணங்களுடன் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். வக்ஃபு சட்டம் 1954, 1995, 2025 ஆகிய ஆண்டுகளில் மாறி மாறி வந்துள்ளது. சட்டம் எதுவாயினும், ஆவணமில்லாத உரிமை காற்றில் வைத்த விளக்கே. வாய்மொழியை நம்பி இழந்த மானியங்கள் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்காக நகையை விற்று மனை வாங்குகிறீர்கள். விளம்பரத் தாளைப் பார்ப்பதோடு நில்லாமல், அவ்விடம் பழைய நிலப்படத்தில் என்னவாக இருந்தது என்று கேளுங்கள். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் எவ்வளவு மலிவாயினும் ஒதுங்கிவிடுங்கள். பட்டா, புலப்படம் ஆகியவற்றை இன்று தமிழக அரசின் இணையச் சேவையிலேயே காணலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இதற்கு உதவுவார்கள்.

விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, நிலப்படத்துடன் உங்கள் ஊர் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். எது மதகு, எது கலங்கல், எந்தக் கால்வாய் எங்கே மறைந்தது என்று காட்டுங்கள். ஆறுகளையும் பாதைகளையும் வழிகாட்டும் அடையாளங்களையும் தன் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டும் வேதத்தை ஓதும் பிள்ளைகள், தம் ஊரின் ஆற்றையும் அடையாளத்தையும் அறியாதிருக்கலாகாது.

பூமியும் அதன்மேல் ஓடும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நேற்று இருந்தவர்கள் அளந்து எழுதி வைத்துச் சென்றார்கள். நாளை வருவோருக்கு அவ்வெல்லைகளைக் குறையாமல் ஒப்படைக்கும் பேற்றினை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.